தூங்க வைத்த தீ

நோலின் டக்கன் எந்த நெருப்பின் மேலும் தண்ணீர் படவிடமாட்டாள். பிறந்தநாள் கேக்கில் எரியும் மெழுகுவர்த்தியை யாராவது எச்சில் தொட்ட விரலால் அணைத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அது தானா போகும். உனக்கு என்ன அவசரம்?" என்பாள்.

பூமியின் தென்கோடியில், ஜூனில் குளிரும் டிசம்பரில் வெயிலுமான ஹூவான் பள்ளத்தாக்கில், ஆப்பிள் தோட்டங்களுக்கு மேலே இருக்கும் வாட்டில் மேட்டில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தெட்டு வயது, தடித்த குரல், காலில் எப்போதும் ரப்பர் பூட்ஸ். பின் இருக்கையில் சண்டை மூண்டால் திரும்பிப் பார்க்காமலே பெயரைச் சொல்லி அதட்டுவாள்: "லாக்லன், அவன் தலைமேலேருந்து கால எடு. அந்தத் தலைய நாலு மணிக்கு அவங்கம்மாகிட்ட நான் திருப்பிக் குடுத்தாகணும்."

வருடத்தில் எட்டு நாள் அவள் வேறு ஆள். அந்த நாட்களில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, பச்சைக் கம்பளி அங்கி போட்டுக்கொண்டு, வீட்டுக்குக் கீழே சரிவாக இறங்கும் தன் புல்வெளியில் நிற்பாள். பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். இயற்கையையும் பழங்காலத் தெய்வங்களையும் கும்பிட்டு, தங்களைப் பேகன்கள் என்று சொல்லிக்கொள்ளும் அந்தக் கூட்டத்துக்கு ஊரில் 'வட்டம்' என்றுதான் பெயர். சூரியன் திரும்பும் நாள், பகலும் இரவும் சமமாகும் நாள், செத்தவர்களுக்கு இலையுதிர்காலத்தில் தட்டு வைக்கும் நாள் என்று எட்டுப் பண்டிகை. பேருந்துப் பிள்ளைகளின் அப்பாக்கள் சிலர் அவள் காதில் விழும்படியே 'சூனியக்கார பஸ்' என்பார்கள். அவளும் விடமாட்டாள். "தொடப்பத்துக்கு லைசென்ஸ் தரமாட்டேன்னுட்டாங்க, அதான் பஸ்."

வட்டத்தின் வாய் பெட்ரா. மந்திரம் சொல்வது, பாட்டு எடுப்பது எல்லாம் அவள். ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். வட்டத்தின் கை நோலின். நெருப்பு அவள் பொறுப்பு. அந்தப் பொறுப்பு அவளுக்கு வந்தது அவள் கணவன் டெஸ் மூலமாக.

டெஸ் தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்கிறவன். ஆரம்ப காலத்தில் வட்டத்துக்காரர்கள் பூமியின் வடபாதியில் எழுதிய புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து, குளிர்காலத்து யூல் பண்டிகையை டிசம்பர் வெயிலில் வேர்த்து விறுவிறுத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்களாம். டெஸ்தான் ஒருநாள், "தலையத் தூக்கிப் பாருங்கடா, சூரியன் எங்க இருக்கு, நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டவன். அன்றிலிருந்து யூல் ஜூனில். செத்தவர்கள் ஏப்ரலில். பூச்சூடிக் கம்பம் சுற்றும் பெல்டேன் அக்டோபர் கடைசியில். சுற்றுவதும் இங்கே சூரியன் போகும் திக்கில், வலமிருந்து இடமாக.

யூல் நெருப்புக்கென்று கல் அடுக்கிக் குழி கட்டியவனும் டெஸ்தான். ஒவ்வொரு யூலிலும் எரிந்த பெருங்கட்டையில் கருகிய ஒரு துண்டை எடுத்து வைப்பார்கள். அடுத்த வருடத்துக் கட்டையை அதைக் கொண்டுதான் பற்ற வைப்பார்கள். பெல்டேன் நெருப்பும் அதிலிருந்துதான். அப்படியாக டெஸ் முதன்முதலில் உரசிய தீக்குச்சிதான் இருபது வருடத்துக்கு மேலாக அணையாமல் வந்துகொண்டிருக்கிறது என்பது நோலினின் கணக்கு. பண்டிகை முடிந்து விடியும்போது நெருப்பின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டு, "தூங்கு, திரும்பி வா" என்று சொல்லித் தூங்க வைக்க வேண்டும்.

போன வருடம் மார்ச்சில், பம்பின் கயிற்றை இழுத்தபோது டெஸ் அப்படியே சாய்ந்துவிட்டான். பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி வழிந்து சமையலறை வாசலுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் நோலின் வெளியே வந்து பார்த்தாள்.

ஏப்ரல் விருந்தில் அவனுக்குத் தட்டு வைத்தார்கள். அந்த விருந்தில் யாரும் பேசக்கூடாது. ஆட்டுக்கறியும் பூசணியும் ஆறிப்போக, காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் நோலின். மறுநாள் அவன் சாம்பலைப் புல்வெளியின் உச்சியில் இருந்த ஓர் அடிக்கட்டையின் பக்கத்தில் புதைத்தாள்.

அந்த அடிக்கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புல்வெளியின் ஒரு ஓரமாக, மேலிருந்து கீழே வரை, காற்றைத் தடுக்க டெஸின் தாத்தா நட்ட பைன் மரங்கள் ஒரே வரிசையாக நின்றன. மேல்பாதி மரங்கள் உளுத்துப்போய்விட்டன என்று டெஸ் எப்போதோ வெட்டிவிட்டான். அடிக்கட்டைகளைத் தோண்டவில்லை. கீழ்ப்பாதி மரங்கள் அப்படியே நின்றன. வரிசை முடிகிற இடத்தில், கடைசி மரத்தின் நிழலில், ஒரு சின்ன மரவீடு. டெஸின் அம்மா இருந்த வீடு. இப்போது மகள் டான்சி இருக்கிறாள், கணவன் ஜோயலோடு. ஜோயலுக்கு ஆற்றுமுகத்தில் சால்மன் மீன் பண்ணையில் வேலை. ஒரு வாரம் படகில், ஒரு வாரம் வீட்டில். டான்சி கர்ப்பமாக இருந்தாள். நவம்பரில் குழந்தை என்று சொல்லியிருந்தார்கள்.

ஜூனில் யூல் வந்தது. நோலின் கட்டையைக் குழிக்குக் கொண்டுபோகவில்லை. உச்சியில் இருந்த அந்த அடிக்கட்டை மேலேயே அடுக்கினாள்.

"குழி அங்க இருக்குடி. டெஸ் கல்லு பொறுக்கிக் கட்டுன குழி. அதுல எரிச்சா என்ன?" என்றாள் பெட்ரா.

"டெஸ் இங்கல்ல இருக்கான்."

"அடியில வேர் இருக்கு நோல்."

"ஜூன் மாசம்டி. நெலமே தொப்பலா நனைஞ்சு கெடக்கு. தவளைக்கே சளி புடிச்சிருக்கு. வேர் எரியுமாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீடு என்பதால் சாப்பாட்டுக்கு மட்டும் எப்போதும் போகிற நானும் சிரித்தேன். பூட்ஸுக்குள் விரல் விறைத்திருந்தது. நெருப்பு எங்கே எரிந்தாலும் சரி, சீக்கிரம் எரிந்தால் போதும் என்றிருந்தது.

நன்றாகவே எரிந்தது. விடிந்ததும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். தூங்கு, திரும்பி வா. அடிக்கட்டை ஒரு சின்ன மேடாக மூடிப்போனது. பிறகு எல்லோரும் ஓட்ஸ் கஞ்சியும் சூடான ஆப்பிள் மதுவும் குடிக்க வீட்டுக்குள் போனார்கள். திரும்பி வந்து பார்த்தவர் யாருமில்லை.

ஆகஸ்ட் முதல் தேதி பால் பண்டிகை. ஆடுகள் ஈனத் தொடங்கும் காலம். விடியலில் கூடியபோது புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. உச்சியில் மட்டும் ஒரு வட்டம், ஒரு பெரிய மேசை அளவுக்கு, பச்சையாக இருந்தது. புல்லில் பனியே இல்லை. அங்கே மட்டும் புல் கணுக்கால் உயரம் வளர்ந்தும் இருந்தது.

பெட்ராவின் பாட்டு பாதியில் நின்றது. யாரோ விசும்பினார்கள். இந்தப் பண்டிகைக்கு உரிய பிரிகிட் தேவி தன் போர்வையை விரித்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றார் ஒருவர். அந்தப் பச்சை வட்டத்தின் நடுவில் பாலை ஊற்றினார்கள். நோலின் மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தாள். அப்படியே இருந்தாள்.

அதன் பிறகு தினமும் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் தேநீர்க் கோப்பையோடு அங்கே போய் உட்கார்வாள். டெஸின் நாய் மட்கார்டு அவளுக்கு முன்னாலேயே போய்ப் படுத்திருக்கும். அவள் வாய் அசைவது என் ஜன்னலிலிருந்து தெரியும். ஒருநாள் ரொட்டி கொடுக்கப் போன பெட்ராவிடம், "வெதுவெதுன்னு இருக்குடி. உயிரோட இருந்தப்ப அவன் பாதம்கூட இப்படி இருந்ததில்ல, ஐஸ் மாதிரி இருக்கும்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். டெஸ் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்ததாகப் பெட்ரா சொன்னாள். அதனால்தான் வேறெதுவும் கேட்கவில்லையாம்.

ஆகஸ்ட் கடைசியில் மட்கார்டு அங்கே படுப்பதை நிறுத்திவிட்டது. வட்டத்தின் விளிம்பு வரை போகும். முன்னங்காலை நக்கும். திரும்பி வந்துவிடும். பச்சையாக இருந்த புல் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே, சரிவில், இன்னொரு பச்சை.

செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் பண்டிகை. அதற்கு இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல்நாள் சாயங்காலம் ஆளுக்கு ஒரு வேகவைக்காத முட்டையில் வண்ணம் தீட்டி, பிடித்த இடத்தில் மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் தோண்டியெடுத்து எல்லா முட்டையையும் ஒரே சட்டியில் உடைத்து ஊற்றிப் பொரித்துத் தின்பார்கள். மண் கொடுத்த உயிரைப் பங்கிட்டுக்கொள்வதாக ஐதீகம்.

டான்சி தன் முட்டையைச் சரிவின் பாதியில் அந்தப் புதுப் பச்சையில் புதைத்திருந்தாள். மற்றவர்கள் உடைத்து முடித்ததும் அவள் முறை வந்தது. சட்டி விளிம்பில் தட்டினாள். ஓடு நொறுங்கியது. உள்ளிருந்து எதுவும் ஒழுகவில்லை. ஓட்டை உரித்தாள். வெள்ளைக்கரு கெட்டியாக, பளபளவென்று இருந்தது.

"அட, கேஸ் மிச்சம்! நாளையிலேருந்து உருளைக்கெழங்கும் இங்கயே புதைச்சிடலாம்" என்றான் ஜோயல்.

ரெண்டு பேர் சிரித்தார்கள். டான்சி சிரிக்கவில்லை. முட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, இந்த வருஷம் யாரு கெளறுனது?"

"எத?"

"யூல் நெருப்ப. நீங்கள்ளாம் கஞ்சி குடிக்க உள்ள போனப்புறம் அப்பா தோட்டத்துப் பெரிய முள்கரண்டிய எடுத்துட்டுப் போவாரே. சாயங்காலம் வரைக்கும் கெளறிக் கெளறிப் போட்டுட்டு, பொறங்கையால தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. சின்னதுல நான் கூடவே நிப்பேன். மண்ணு பூரா ஜில்லுன்னு ஆனாத்தான் வீட்டுக்கு வருவாரு. இந்த வருஷம் யாரு போனது?"

சட்டியில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. மண் போடுவதும் மந்திரம் சொல்வதும் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஒருவன் தனியாக நின்று செய்ததை யாரும் சடங்கில் சேர்த்திருக்கவில்லை.

பெட்ரா நோலினைத் தனியாக வேலிப் பக்கம் அழைத்துப் போனாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் பள்ளத்தாக்கில் காலையில் எதுவும் மறையாது.

"அது டெஸ் இல்லடி. நெருப்பு. வேர் வழியா கீழ எறங்குது."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேருந்து?"

"ரொட்டிக்காரி உனக்கே தெரியறது எனக்குத் தெரியாதா?"

"கீழ டான்சி வீடு இருக்கு நோல்."

"எம் பொண்ணு வீடு எங்க இருக்குன்னு நீ எனக்குச் சொல்லாத."

"அப்ப தோண்டுவோம். இன்னிக்கே. தண்ணி ஊத்துவோம். இல்ல நான் தீயணைப்புக்குப் போன் பண்றேன்."

"பண்ணு. பண்ணிட்டு அப்பறம் இந்தப் புல்லுல கால் வெக்காத." நோலினின் குரல் உடைந்தது. "பெல்டேன் வரைக்கும் பொறுடி. யூல் நெருப்புலேருந்துதான் பெல்டேன் ஏத்தணும். இந்த வருஷம் கருகுன துண்டு எடுத்து வெக்க மறந்துட்டேன், எல்லாத்தையும் மூடிட்டேன். அவன் நெருப்புல மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். ஒரே ஒரு கங்கு எடுத்துக்கறேன். அப்பறம் கடலையே கொண்டாந்து ஊத்து, நானே ஒன் காலப் புடிச்சுக் கேக்கறேன். தெனமும் செருப்பில்லாம நடந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். எங்க இருக்குன்னு என் காலுக்குத் தெரியும். மெதுவாத்தான் போகுது."

பெட்ரா போன் பண்ணவில்லை.

டான்சி மேலே வந்து அம்மாவிடம் கேட்டாள். "ஆபத்தாம்மா?"

"உங்கப்பாதான் அங்க இருக்காரு. என்ன ஆபத்து?"

அக்டோபர் முழுக்க மழை இல்லை. வழக்கத்துக்கு மாறாக வடமேற்கிலிருந்து காற்று முன்னதாகவே வீசத் தொடங்கியது. காலையில் எழுந்ததும் கைபேசியில் காற்றின் வேகத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. சாயங்காலம் ஆனால் நோலின் வெறுங்காலோடு சரிவில் இறங்குவாள். ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பாள், தண்ணீருக்குள் நடப்பவள் மாதிரி. ஓரிடத்தில் நிற்பாள். மேலே ஏறுவாள். ஒரு வாரம் ஓர் அடிக்கட்டை பக்கம் நின்றவள் அடுத்த வாரம் அதற்கும் கீழே இருந்த கட்டை பக்கம் நின்றாள்.

பெல்டேனுக்கு முதல்நாள் மாலை வானொலியில் முழுத் தீத்தடை அறிவித்தார்கள். மறுநாள் வெயிலும் பெருங்காற்றும். வெளியில் ஒரு தீக்குச்சி கிழிக்கக்கூடாது. வட்டத்தில் பேசி முடிவெடுத்தார்கள்: நெருப்பு வேண்டாம், கம்பமும் ரிப்பனும் மட்டும். நோலின் மறுக்கவில்லை. கங்கு ஒன்றை எடுத்து இரும்பு வாளியில் சாம்பலுக்குள் பொத்திவைத்துக்கொள்கிறேன், தடை நீங்கியதும் ஏற்றலாம், அதோடு எல்லாவற்றையும் அணைத்துவிடலாம் என்றாள்.

காலையில் கடப்பாரையும் வாளியுமாகப் போய், அவள் கால் சொன்ன இடத்தில் தோண்டினாள். பெட்ராவும் நானும் பக்கத்தில் தண்ணீர்க் குடங்களோடு நின்றோம். மேல்மண் விலகியதும் கீழே ஒரு துளை தெரிந்தது. வேர் இருந்த இடம். வேர் இல்லை. சுற்றிலும் மண் செங்கல்போல் சிவந்து சுட்டிருந்தது. நோலின் குப்புறப் படுத்துத் தோள் வரை கையை விட்டாள். வெளியே எடுத்தபோது கை முழுக்க நைசான வெள்ளைச் சாம்பல்.

"ஜில்லுன்னு இருக்கு," என்றாள். எழுந்து உட்கார்ந்து, "போயிட்டான்."

பெட்ரா அவளை அணைத்துக்கொண்டாள். "நல்லபடியா போனான்டி. யாரையும் தொந்தரவு பண்ணாம." அவள் குரலில் இருந்தது துக்கமா நிம்மதியா என்று சொல்வது கடினம். நாங்கள் கொண்டுபோன குடங்களைத் திரும்பத் தூக்கிக்கொண்டு மேலேறினோம். துளை ரெண்டு பக்கமும் போனது. மேல்பக்கத்தில்தான் நோலின் கையை விட்டுப் பார்த்திருந்தாள். கீழ்ப்பக்கம் யாரும் விட்டுப் பார்க்கவில்லை.

கம்பத்தை உச்சியில் நட முடியவில்லை, காற்று ஆளையே தள்ளியது. அதனால் கீழே, டான்சியின் கேட்டுக்கு வெளியே இருந்த சமதரையில் நட்டார்கள். பைன் மரங்கள் அங்கே காற்றை மறைத்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். பெல்டேனில் மண்ணை வெறுங்காலால்தான் மிதிக்க வேண்டும். ஒருவர் பிடில் வாசிக்க, ஆளுக்கு ஒரு ரிப்பனைப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கம்பத்தைப் பின்னத் தொடங்கினார்கள். பின்னல் முடிகிறவரை ரிப்பனைக் கைவிடக்கூடாது. விட்டால் அந்த வருடம் வீட்டில் ஒரு சாவு என்று பயம்.

ஜோயல் படகில் இருந்தான். டான்சி அந்த வருடத்துப் பெல்டேன் ராணியாக, தலையில் ஆப்பிள் பூ வளையத்தோடு வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். வயிறு முட்டிக்கொண்டு நின்றது.

"ராணி அங்க என்ன பண்றா? கீழ எறங்கி வா, காலு மண்ணுல படணும்" என்று கூவினாள் பெட்ரா.

"என் காலு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல, ஆறு மாசமா நான் அதப் பாக்கல" என்றாள் டான்சி. ஆனாலும் முனகிக்கொண்டே எழுந்து, படியிறங்கி, கேட்டைத் தாண்டி வந்து கடைசிப் பைன் மரத்தின் அருகில் நின்றாள்.

சுற்று வேகம் பிடித்தது. நோலின் நீல ரிப்பன். ஒரு தடவை மகளைத் தாண்டிப் போனாள், ரெண்டு தடவை. மூன்றாம் தடவை போகும்போது டான்சி சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

"அம்மா, இங்க தரை நல்லா சூடா இருக்கு. கால் வீக்கத்துக்கு எவ்ளோ சொகமா இருக்கு தெரியுமா."

நோலின் ரிப்பனை விட்டுவிட்டாள்.

நீலப் பட்டை காற்றில் எழும்பிப் போய் மரத்தில் சுற்றிக்கொண்டது. பிடில் நின்றது. அவள் மண்டியிட்டு மகளின் ரெண்டு பாதங்களுக்கும் நடுவே உள்ளங்கையை வைத்தாள், உடனே எடுத்தாள். பார்வை தரையோடு ஊர்ந்து மரத்தடிக்குப் போனது. பைன் பட்டையின் வெடிப்பிலிருந்து, குளிர்காலத்தில் ஆள் மூச்சு விடுவதுபோல, மெல்லியதாகப் புகை வந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் வண்டில ஏறுங்க." பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும் குரல். "செருப்பத் தேடாதீங்க. இப்ப. ஏறுங்க!"

டான்சி வீட்டுப் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரிக்கு எடுத்து வெச்ச பை உள்ள இருக்கும்மா, ஒரே நிமிஷம்..."

நோலின் அவள் சடையைப் பிடித்து இழுத்தாள். உண்மையாகவே, முடியைப் பற்றி, கீழே விழாத குறையாக. பூ வளையம் உருண்டு போனது. "பையும் வேண்டாம் மயிரும் வேண்டாம், நட!" டான்சி வலியில் கத்தினாள். நாலைந்து அடி வந்திருப்பார்கள்.

மரம் விழும் சத்தம் மேலிருந்து வரவில்லை. தரைக்குள்ளிருந்து, கெட்டித் துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பதுபோல் வந்தது. பிடிப்பதற்கு வேர் இல்லாத மரம் காற்று தள்ளிய பக்கம் சாய்ந்தது. தாழ்வாரம், அந்த நாற்காலி, மஞ்சள் வண்ணம் அடித்து வைத்திருந்த குழந்தையின் அறை, எல்லாவற்றின் மேலும் படுத்தது. அது பெயர்ந்த குழிக்குள் ஒரு கணம் சிவப்பாகத் தெரிந்தது. பிறகு காற்று உள்ளே புகுந்தது.

பெட்ரா டான்சியைத் தன் காரில் ஏற்றினாள். "நோல், ஏறு!" என்றாள். நோலின் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள், மேட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு. டெஸ் போன நாளிலிருந்து அந்தப் பம்பை யாரும் தொட்டதில்லை. கயிற்றை இழுத்தாள். இருமியது. மறுபடி இழுத்தாள். நான் ஹோஸ் பைப்பின் முனையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். பம்பு பிடித்துக்கொண்டது, பைப் என் கையில் துள்ளியது. அவள் வந்து பிடுங்கிக்கொண்டு குழியின் விளிம்புக்குப் போய் நின்றாள்.

தண்ணீர் உள்ளே விழுந்ததும் வெள்ளை ஆவி குபுகுபுவென்று எழுந்து அவளை மறைத்தது. அதற்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "போதும் டெஸ். போதும்டா. அணைஞ்சு போயிடு." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கெஞ்சுகிற மாதிரி தொடங்கி, கடைசியில் பேருந்தில் அதட்டுகிற மாதிரி ஆகியிருந்தது.

தீயணைப்புக்காரர்கள் வந்து அவளை இழுத்துப் போனார்கள். வீடு மிஞ்சவில்லை. பைன் வரிசையில் ஒரு மரமும் மிஞ்சவில்லை. நெருப்பு ஓடையைத் தாண்டி ரெண்டு தோட்டங்களின் வேலியைத் தின்றுவிட்டு, ராத்திரி காற்று தெற்கே திரும்பித் தூறல் விழுந்ததும் ஆற்றோரச் சாலையில் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. நவம்பர் முதல் வாரத்தில் ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் டான்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரோவன் என்று பெயர் வைத்தார்கள். நோலினுக்குச் செய்தியைச் சொன்னது ஜோயல்தான். டான்சி போனை வாங்கவில்லை.

அதன் பிறகு இயந்திரத்தைக் கொண்டுவந்து புல்வெளியைத் தோண்டினார்கள். அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தண்ணீர் அடித்தார்கள். டெஸின் சாம்பல் எந்தக் குவியலில் போனது என்று நோலின் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் அவர்களின் தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளிடம் சொன்னார்: "எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் எல்லாம் முடிஞ்சுதும்மா. ஆனா அந்தக் காலத்து மரம். எந்த வேர் எங்க வரைக்கும் போயிருக்குன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. எதுக்கும் ஒரு கண்ணு வெச்சுக்கோங்க."

அவள் இன்னும் பேருந்து ஓட்டுகிறாள். சூனியக்கார பஸ் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. முகத்தைப் பார்ப்பதுமில்லை. அது அவளுக்குப் பழைய கேலியைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்பது, லாக்லனை அவள் அதட்டுவதை விட்டுவிட்டதிலிருந்து தெரிகிறது.

இந்த ஜூனில் யூலுக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். நெருப்பு இல்லை. பெட்ரா சமையலறை மேசையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள், சாதாரணக் கடைத் தீக்குச்சியால். விடியும் நேரத்தில் வாசலில் கார் நின்றது. டான்சி குழந்தையோடு வந்தாள். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். மெழுகுவர்த்தி எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத அணை," என்றாள் பிறகு. "அது தானா போகும்னு சொல்லாத. நீ அணை. நான் பாக்கணும்."

நோலின் மகளைப் பார்த்தாள். ரெண்டு விரலை நாக்கில் தொட்டு நனைத்தாள். திரியைப் பிடித்தாள். சுர்ரென்றது. டான்சி எட்டி அந்த விரல்களைப் புரட்டிப் பார்த்தாள். திரியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தாள்.

கஞ்சி குடித்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு நோலின் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். தினமும் செய்வதுதான். உறைபனி நன்றாக இறங்கியிருந்தது, உச்சியிலிருந்து டான்சியின் வீடு இருந்த கருப்புத் தரை வரைக்கும் ஒரே வெள்ளை. எங்கும் பச்சை இல்லை. டான்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நோலின் ஒவ்வோர் அடியாக வைத்துச் சரிவில் இறங்கினாள். ஓர் இடத்தில் நின்றாள். காலை மாற்றி வைத்தாள். நகர்ந்தாள்.

கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள்.

"என்னம்மா?" என்று கேட்டாள் டான்சி.

நோலின் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள்.